அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு: எந்தச் சலுகை எதற்காக வந்தது, அதற்கு எந்தத் தாள் வேண்டும்

கொங்கு நாட்டு அரசுப் பள்ளிகளில் படிக்கும், வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகளுக்கான வழிகாட்டி இது. அவர்களுக்கு வழி சொல்ல வேண்டிய வகுப்பாசிரியர்களுக்கும், பக்கத்து வீட்டு அண்ணன் அக்காமாருக்கும் சேர்த்தே எழுதியது.

இடஒதுக்கீடு, முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு, கல்லூரியில் படிக்கும்போது மாதம் ஆயிரம் ரூபாய் எல்லாம் ஒரே நாளில் ஒரே துறை கொடுத்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு குறிப்பிட்ட ஓட்டையை அடைக்க வந்தது. எந்த ஓட்டை என்று தெரிந்துகொண்டால் அதற்கு ஏன் இன்ன சான்றிதழ் கேட்கிறார்கள், விண்ணப்பம் ஏன் திரும்பி வருகிறது என்பதெல்லாம் புரிந்துவிடும். தெரியாதவர்கள் எல்லாவற்றையும் ஒரே 'கவர்மென்ட் சலுகை' என்று நினைத்துக்கொண்டு, ஒன்றுக்கு உரிய தாளை இன்னொன்றுக்குக் கொடுத்து, கடைசி நாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள்.

சாதிச் சான்றிதழ்: பதினொன்றாம் வகுப்பிலேயே முடிக்க வேண்டிய வேலை

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி 1921-ல் வகுப்புவாரி அரசாணை போட்டது. முதலில் அரசு வேலைக்கு என்று தொடங்கிய முறை, பிறகு கல்லூரி இடங்களுக்கும் வந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1950-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1951-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பின் விளைவாக அதே ஆண்டு அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. கல்வி நிலையங்களில் இடம் ஒதுக்க அரசுக்கு அதிகாரம் தரும் 15(4) பிரிவு அப்படிப் பிறந்ததுதான். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு தனியாகப் பிரிந்தது. மொத்தம் 69 விழுக்காட்டைக் காக்க 1994-ல் மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது.

இன்றைய கணக்கு இது: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. பட்டியல் சாதியினரின் 18-க்குள் 3 விழுக்காடு 2009 முதல் அருந்ததியருக்கு.

அந்த 3 விழுக்காடு கொங்குப் பகுதிக்கு மிக முக்கியம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் அருந்ததியர் குடும்பங்கள் நிறைய. அருந்ததியர், மாதாரி, ஆதி ஆந்திரர், மாதிகா, பகடை உள்ளிட்ட ஏழு பெயர்கள் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. கல்லூரி விண்ணப்பத்தில் இவர்கள் 'எஸ்.சி.ஏ.' (பட்டியல் சாதி அருந்ததியர்) என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் இருப்பவர் அவசரத்தில் 'எஸ்.சி.' என்று அழுத்திவிட்டால், தரவரிசைப் பட்டியல் வரும்வரை யாருக்கும் தெரியாது. பட்டியல் வந்ததும் குறை சொல்லச் சில நாள் கொடுப்பார்கள். அதைத் தாண்டினால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் விண்ணப்பத்தின் 'பிரிவ்யூ' பக்கத்தைச் சாதிச் சான்றிதழுக்கு அருகில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்கவும். அப்பாவின் பழைய சான்றிதழில் வேறு சாதிப் பெயர் இருந்தால், பிள்ளையின் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய விசாரணை அறிக்கைதான் அடிப்படை.

சாதிச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போடலாம். கட்டணம் 60 ரூபாய். முதன்முறை என்றால் ஆதாரை வைத்து ஒரு குடிமக்கள் அணுகல் எண் எடுப்பார்கள். அதில் கொடுக்கும் கைபேசி எண் வீட்டில் நிலையாக இருக்கும் எண்ணாக இருக்கட்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் சிம் மாற்றும் வீடுகளில் குறுஞ்செய்தி யாருக்கோ போய்ச் சேர்கிறது, திருப்பி அனுப்பிய விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடக்கிறது. சாதிச் சான்றிதழின் எண் 101, இருப்பிடம் 102, வருமானம் 103, முதல் பட்டதாரி 104. மையத்தில் எண்ணைச் சொல்லிக் கேட்டால் தவறு வராது. அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, பிள்ளையின் ஆதார், புகைப்படம் ஆகியவற்றின் அசலைக் கொண்டுபோகவும். அங்கேயே ஸ்கேன் செய்வார்கள்.

கையெழுத்து யாருடையது என்பதும் காலத்தை முடிவு செய்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு மண்டலத் துணை வட்டாட்சியர். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். நேரடி விசாரணையும் இருப்பதால் இதுதான் அதிக நாள் பிடிக்கும். தாளவாடி, கடம்பூர், ஆனைகட்டி, கொல்லிமலைப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே விண்ணப்பம் போட்டுவிடுவது நல்லது.

மலைப் பகுதி ஆசிரியர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்ற இனம் மாவட்டப் பெயர்களோடு எழுதப்பட்டிருக்கிறது. பழைய சேலம் மாவட்டம் அதில் உண்டு, ஆகவே இன்று நாமக்கல்லில் இருக்கும் கொல்லிமலை மலையாளிகளுக்குச் சான்றிதழ் கிடைக்கும். பழைய கோவை மாவட்டம் அதில் இல்லை. 1979-ல் கோவையிலிருந்து பிரிந்த ஈரோட்டின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் அதே இனத்தவருக்கு இதனாலேயே மறுக்கப்படுகிறது. இது நெடுநாள் அநீதி. பிள்ளையின் பிழையோ ஆசிரியரின் பிழையோ அல்ல. சான்றிதழுக்காக ஓர் ஆண்டைக் காத்திருந்து தொலைக்க வேண்டாம். கீழே வரும் 7.5 விழுக்காடும் முதல் பட்டதாரிச் சலுகையும் மாதம் ஆயிரமும் சாதியைப் பார்த்துத் தருபவை அல்ல. அந்தப் பிள்ளைக்கு மூன்றும் திறந்திருக்கின்றன.

திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பழைய ஆவணங்கள் எல்லாம் சொந்த ஊர் தாலுகாவில் இருக்கும். இங்குள்ள கிராம நிர்வாக அலுவலர் எதைப் பார்த்து எழுதுவார்? சொந்த ஊர் முகவரியில் விண்ணப்பித்து, பொங்கலுக்கோ ஊர் நோம்பிக்கோ போகும்போது நேரில் பார்த்து முடிப்பதே பெரும்பாலும் விரைவான வழி.

முதல் பட்டதாரி

1984-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. தொழிற்படிப்புக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் கதவு திறந்தது. பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியும் கோவை குமரகுரு கல்லூரியும் அந்த ஆண்டில் தோன்றியவை. இடம் பெருகியது. ஆனால் பயிற்சி மையம் இருந்த நகரத்துப் பிள்ளைக்குத் தேர்வு கைவந்தது. கிராமத்துப் பிள்ளைக்குத் தேர்வும் எட்டவில்லை, கட்டணமும் எட்டவில்லை. நுழைவுத் தேர்வை 2006-ல் இயற்றிய சட்டம் நீக்கியது. கட்டணம் என்ற மற்ற ஓட்டையை அடைக்க 2010-ல் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. அரசு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெறும் பிள்ளையின் கற்பிப்புக் கட்டணத்தில் அரசு நிர்ணயித்த தொகையைக் கல்லூரி வாங்கக் கூடாது. அதை அரசு கொடுக்கும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் தாமாகவே வருகின்றன. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது. குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தோர் யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. விண்ணப்பம் அதிகம் அடிபடுவது உடன்பிறந்தவரால்தான். "எங்கக்கா இன்னும் படிச்சுட்டுத்தானுங்க இருக்குது, டிகிரி வாங்கல" என்பார்கள். அக்கா இதே சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. ஒரு வீட்டுக்கு ஒருவர்தான். மறைத்து வாங்கினாலும் சான்றிதழோடு கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து இருப்பதால், பின்னால் கட்டணத்தை மொத்தமாகத் திருப்பிக் கட்ட நேரும். கூடவே ஒரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். அக்கா அரசுக் கலைக் கல்லூரியிலும் தம்பி பொறியியலிலும் சேரப்போகிறார்கள் என்றால் சலுகை யாருக்கு அதிகம் பயன்படும் என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

7.5 விழுக்காடு: ஆறாம் வகுப்பில் எடுத்த முடிவு

நீட் தேர்வு 2017-ல் தமிழ்நாட்டு மருத்துவ இடங்களுக்கு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனார்கள். நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்து, 2020 அக்டோபர் 30-ல் ஆளுநர் ஒப்புதல் பெற்று, மருத்துவப் படிப்புகளில் அவர்களுக்கு 7.5 விழுக்காடு வந்தது. 2021-ல் நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரைப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும். விவசாயக் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் இது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

தகுதி: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் சேர்த்தி. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், வனத்துறை, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. கோபி, ஈரோடு, கோவைப் பக்கம் பழைய உதவி பெறும் பள்ளிகள் பல உண்டு. 'நம்ம பள்ளியும் கவர்மென்ட் மாதிரித்தான்' என்று அங்குள்ள பெற்றோர் நம்பியிருக்கிறார்கள். இந்தச் சட்டத்துக்கு அது போதாது.

நம் பகுதியில் வழக்கமாகப் பிசகும் இடம் ஆறாம், ஏழாம் வகுப்பு. வேலை நன்றாக ஓடிய ஆண்டு பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டிச் சேர்ப்பார்கள். ஆர்டர் குறைந்ததும் அரசுப் பள்ளிக்கு மாற்றுவார்கள். அந்த ஓராண்டுக் கட்டணப் படிப்பு, ஆறு ஆண்டு கழித்து 7.5-ஐ அடைத்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் இதைச் சொல்வது தொடக்கப் பள்ளி ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய உதவி. அதேபோல் தாளவாடி எல்லையில் கர்நாடகப் பள்ளியிலும் ஆனைகட்டியில் கேரளப் பள்ளியிலும் இரண்டொரு ஆண்டு படித்தவர்கள் கவனிக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவரிடம் பொறியியல் கலந்தாய்வு இருப்பிடச் சான்றிதழ் கேட்கும்.

ஊர் மாறி ஊர் மாறிப் படித்த பிள்ளை, ஆறு முதல் ஒவ்வொரு வகுப்பும் பள்ளியின் எமிஸ் பதிவில் (மாணவர் விவரங்கள் இருக்கும் கல்வித் துறையின் இணையப் பதிவு) விடுபடாமல் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். சூளை வேலைக்குப் போன பெற்றோரோடு பாதியில் போய் வந்த பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு காணாமல் போயிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு விடுமுறைக்குள் இதைச் சரிசெய்துவிட்டால், மே மாதம் பழைய பள்ளியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கலந்தாய்வில் பொதுப் பிரிவிலும் 7.5 பிரிவிலும் பெயர் இருக்கலாம். பொதுப் பிரிவில் நல்ல கல்லூரி வந்துவிட்டது என்று அதை எடுத்தால் முழுக் கட்டண விலக்கு வராது, அது 7.5-ல் சேர்பவருக்கே. நான்கு ஆண்டுச் செலவை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்-ஆஃப், விருப்பப் பட்டியல்

பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் அப்படியே 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதியாக, ஆளுக்கு 50-க்கு. கணிதம் 78, இயற்பியல் 70, வேதியியல் 66 என்றால் 78, 35, 33 சேர்ந்து 146. விண்ணப்பக் கட்டணம் பொதுவாக 500 ரூபாய். பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. விருப்பப் பட்டியலில் கல்லூரியை எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பத்தே பத்து போட்டுவிட்டு ஒன்றும் வராமல் போவதுதான் அதிகம் நடக்கிறது. கோவை ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி போன்றவற்றை முதலில் வைத்து, அடுத்து அரசு உதவி பெறும் இடங்கள், பிறகு பேருந்தில் போய்வரக்கூடிய சுயநிதிக் கல்லூரிகள் என்று நீளமாகப் போடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லாமல் விட்டால் அந்த இடம் கைவிட்டுப் போகும்.

கலை அறிவியல் கல்லூரி

எல்லோரும் பொறியியலையே பார்க்க வேண்டியதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும்தான். 1852-ல் வேர் கொண்ட கோவை அரசுக் கலைக் கல்லூரி, திருப்பூர் சிக்கண்ணா, பெண்களுக்கு எல்.ஆர்.ஜி., உடுமலை, நாமக்கல் என்று பழையவை இருக்க, அவிநாசி, பல்லடம், காங்கயம், மேட்டுப்பாளையம் வரை புதியவையும் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே இணைய விண்ணப்பம். கட்டணம் 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அந்த 2 ரூபாய் மட்டும். மொழிப் பாடங்கள் நீங்கலாக நான்கு பாட மதிப்பெண், 400-க்கு வைத்துத் தரவரிசை வரும். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண் தனியாகப் பார்ப்பார்கள், ஆகவே மற்றப் பாடங்களில் குறைந்த பிள்ளைக்கு அங்கே நல்ல வாய்ப்பு.

கோவை, ஈரோட்டின் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் ஒரே வளாகத்தில் ஒரே பாடம் இரண்டு விதமாக நடக்கும்: எய்டட் (அரசு உதவி பெறுவது), செல்ஃப் பைனான்ஸ் (சுயநிதி). வகுப்பு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கட்டணம் பல மடங்கு வேறுபடும். விண்ணப்பப் படிவம் வாங்கும்போதே "இது எய்டட் சீட்டுங்களா?" என்று கேட்டு, ரசீதில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேர்வு முடிவு வருமுன்பே பள்ளி வாசலில் நிற்கும் ஏஜென்டுகளிடம் அசல் சான்றிதழைக் கொடுக்கவே கூடாது. 'சீட் பிடித்து வைக்கிறேன்' என்று வாங்கிப்போவார்கள். கலந்தாய்வு நாளில் சான்றிதழ் கல்லூரியின் பீரோவில் இருக்கும். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்ததும் கையோடு திருப்பித் தர வேண்டும். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

இப்படிச் சேர்க்கப்படும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 1944 முதல் நடந்துவரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணத்தை ஏற்கும். ஆனால் 2018-க்குப் பின் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்கு அது இல்லை. ஒரே கல்லூரி, ஒரே பிரிவு. கலந்தாய்வு வழியாக வந்தால் கட்டணம் இல்லை, ஏஜென்ட் வழியாக வந்தால் முழுக் கட்டணம். விடுதி வேண்டுவோர் சேர்க்கை முடிந்த வாரமே மாவட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கவும். இடம் சீக்கிரம் நிரம்பும்.

மாதம் ஆயிரம்

1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கியது திருமண உதவித் திட்டம். பின்னாளில் பணத்தோடு தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. அந்தப் பணம் பெண்ணின் படிப்புக்கே போகட்டும் என்று மாற்றி, 2022 செப்டம்பர் 5-ல், கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வந்தது. ஸ்பின்னிங் மில்லில் மூன்றாண்டு தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்குப் பணம் என்று 'சுமங்கலி' முறையில் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போன கொங்கு நாட்டில், இந்த மாற்றத்தின் பொருள் பெரிது. பையன்களுக்கு அதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இந்த இரண்டு திட்டங்களிலும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்த்தி. தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். சேர்ந்த வாரமே எமிஸ் எண்ணையும் ஆதாரையும் கல்லூரிப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வங்கிதான் காரணம். கணக்கில் ஆதார் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வர ஆதாரைக் கணக்கோடு 'சீடிங்' செய்திருப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கில் சீடிங் ஆனதோ அதில்தான் பணம் விழும். பள்ளியில் தொடங்கி மறந்துபோன ஏதோ ஒரு கணக்கில் பணம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம், ஓ.டி.பி. வர ஆதாரில் இப்போதைய கைபேசி எண் இருக்க வேண்டும். பதினைந்து வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பு நடக்காவிட்டால் அடையாளச் சரிபார்ப்பே நின்றுபோகும். இன்னொன்று பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் சான்றிதழில் முன்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக. பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் (பொதுத் தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியல்) தயாராகும்போது ஆதாரை வைத்து ஒத்துப் பார்த்தால் அரை மணி நேர வேலை. மதிப்பெண் சான்றிதழ் அச்சானபின் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை

பிள்ளைகள் அதிகம் நழுவுவது இந்தக் காலத்தில்தான். தேர்வு மார்ச்சில் முடிந்ததும் லீவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங், மடிப்பு வேலைக்குப் போகிறார்கள். சனிக்கிழமைச் சம்பளம் கையில் வந்து பழகியபின் ஜூலைக் கலந்தாய்வு தூரத்தில் தெரிகிறது. வேலைக்குப் போவதைத் தடுக்க முடியாத வீடுகள் உண்டு. அப்படியானால் வகுப்பாசிரியர் ஏப்ரலிலேயே மூன்றைச் செய்து வைக்க வேண்டும்: பிள்ளையின் எண்ணோடு வீட்டில் இன்னொருவர் எண்ணும், விண்ணப்பங்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒரு நோட்டில், வருமானச் சான்றிதழ் புதிதாக, ஏனென்றால் அது ஓராண்டுக்கே செல்லும்.

ஒரு பாடத்தில் போய்விட்டது என்றால் ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு. அரசுக் கலைக் கல்லூரிகளில் காலியிடம் இருந்தால் ஆகஸ்டிலும் சேர்க்கை நடக்கும்; இணையத்தில் தேடிக்கொண்டிராமல் கல்லூரி அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள். எங்கும் சேராமல் நின்றுபோன பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சேர்த்துவிட நான் முதல்வன் திட்டத்தின் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் மாவட்டந்தோறும் நடக்கின்றன. முகாமுக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கின் அசலும் இரண்டிரண்டு நகலும் எடுத்துப்போனால் அன்றைக்கே சேர்க்கை முடியும். சாதிச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் இ-சேவை ஒப்புகைச் சீட்டையாவது கொண்டுபோங்கள். வருவாய்த் துறை ஆட்களும் முகாமில் உட்கார்ந்திருந்தால் அங்கேயே கேட்டு முடிக்கப் பார்க்கலாம்.